பால்டிமோர் தீயும் பொருந்தாத குழாய்களும்

1904-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பால்டிமோர் பட்டணத்தில் ஒரு ஜவுளிக் கிடங்கில் தீப்பற்றியது. காற்றின் வேகத்தால் அது கட்டடத்திற்குக் கட்டடம் தாவிற்று. தந்தி கிடைத்ததும் வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரத்தார் ஆட்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் ரயிலில் அனுப்பினர்.

வந்தவர்களுக்கு ஓர் எதிர்பாராத இடையூறு காத்திருந்தது. அவர்களிற் பலருடைய குழாய்கள் பால்டிமோர் தெருக்களிலிருந்த நீர்க்குழாய்களின் வாயிற் பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் மனம்போல் குழாயின் அளவையும் மரையையும் அமைத்துக்கொண்டதே இதற்குக் காரணம். தண்ணீரும் ஆள்பலமும் இருந்தும் உதவியிற் பெரும் பகுதி பயனற்றுப் போயிற்று. தீ அடங்குவதற்குச் சுமார் 30 மணி நேரம் சென்றது. 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அடுத்த வருஷமாகிய 1905-ல் குழாய்களுக்குத் தேசம் முழுமைக்கும் பொதுவான அளவொன்று வகுக்கப்பட்டது. ஆயினும் பழைய சாமான்களை மாற்றும் செலவுக்கு அஞ்சிப் பல நகரங்கள் நெடுங்காலம் தயங்கின.

அங்கத்தினர்களே! உதவ வேண்டுமென்ற நல்லெண்ணம் பால்டிமோரில் குறைவுபடவில்லை. முன்னதாகக் கூடிப் பேசிச் செய்துகொள்ள வேண்டிய உடன்பாடே இல்லாதிருந்தது. ஆபத்து இல்லாத நாளில் ஒரே அளவுக்கு இணங்குகிறவர்களே ஆபத்து வந்த நாளில் ஒருவருக்கொருவர் உதவ வல்லவராவர்.