பனிச்சரிவு

களத்தில் நெல்லைக் குவித்தவர்கள் அறிவார்கள்: குவியல் ஓரளவுக்குமேல் செங்குத்தாக நில்லாது, சரிந்துவிடும். மலைச்சரிவில் படியும் பனிக்கும் இவ்விதி உண்டு. ஆனால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

குளிர்காலம் முழுவதும் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடிப்பனி தரையின் வெப்பத்தால் சற்றே சூடாகவும், மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும்போது, நீராவி மேல்நோக்கிச் செல்கிறது. அதனால் அடியிலுள்ள துகள்கள் பிடிப்பிழந்து சர்க்கரைபோல் உதிரியாகின்றன. அதன்மேல் புதுப்பனியின் பாரம் ஏறியபின், ஒரு மனிதனின் எடையே போதும்; மேலடுக்கு பாளமாகப் பெயர்ந்துவிடும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளே பெரிதும் அஞ்சத்தக்கவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி மிகுதியாகத் தங்குவதில்லை.

பனியையே காணாத நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பெரும் பனித்திரள் சரிந்து மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களைப் புதைத்தது. அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஹனுமந்தப்பா ஒருவரே ஆறு நாட்களுக்குப்பின் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார்.

அவர் பிழைத்திருந்தது அரிய விதிவிலக்கு. பனியில் புதைந்தோரைப் பெரும்பாலும் முதல் 15 நிமிடங்களுக்குள் மீட்டாலே காப்பாற்ற இயலும். எனவேதான் மலையேறுவோர் சமிக்ஞைக் கருவியும், துழாவுகோலும், மண்வெட்டியும் உடன் கொண்டு செல்கின்றனர். பெரும்பனி பெய்தபின் ஓரிரு நாள் பொறுத்திருக்கின்றனர்.

வெண்பனி அழகுதான். எனினும் அதன் அடியடுக்கை அறிந்தவனுக்கே அது வழிவிடும்.