தடயவியற் கூடத் தலைவர்க்குரிய பயிற்சி

குற்றம் நிகழாத ஊர் உலகில் இல்லை. குற்றத்தைக் கண்டவரெல்லாரும் உள்ளபடியே உரைப்பர் என்னும் உறுதியும் இல்லை. கண்ணாற் கண்ட சாட்சி அஞ்சலாம், மறக்கலாம், பொருளாசையாற் பொய்யும் புகலலாம். ஆதலின், வாய் பேசாத சாட்சிகளாகிய இரத்தக்கறை, கைரேகை, துப்பாக்கிக் குண்டு, நஞ்சு கலந்த உணவு முதலியவற்றை ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியிற் கண்டதை நீதிமன்றத்தார்க்கு எடுத்துரைக்கும் கலையொன்று தோன்றிற்று. அதனைத் தடயவியல் என்பர். அக்கலை நிகழும் இடம் தடயவியற் கூடமாகும்.

இக்கூடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்குள்ள கருவிகளின் நுட்பத்தையே வியந்து எழுதுவர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அக்கருவிகளைப் பற்றியன்று. அவற்றைக் கையாளும் நிபுணரெல்லாரையும் மேற்பார்க்கும் தலைவரைப் பற்றியும், அவர் பெறவேண்டிய பயிற்சியைப் பற்றியுமேயாம். பொன்னின் மாற்றை உரைகல் காட்டும்; உரைகல்லின் தரத்தைக் காட்டுவது யாது? ஒரு நிபுணரின் சொல்லால் ஒருவன் விடுதலை பெறவும் கூடும். ஆயுள் முழுதும் சிறையில் வாடவும் கூடும். அச்சொல்லைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடங்களின் தோற்றம்

இத்துறையில் நம் நாடு பிற்பட்டதன்று. 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் சாலை ஏற்பட்டுவிட்டது. நஞ்சுண்டு இறந்தார் என ஐயுறப்பட்டவர்களின் குடற்பொருள்களிற் பாஷாணம், ஊமத்தை முதலியன உளவோ என ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. 1897-ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கைரேகை நிலையம் நிறுவப்பெற்றது. ஐரோப்பாவில் 1910-ஆம் ஆண்டு எட்மண்டு லொக்கார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் லியோன் நகரத்து நீதிமன்றத்தின் மாடியில் இரண்டு சிற்றறைகளைப் பெற்றுத் தம் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1923-ஆம் ஆண்டளவில் லாஸ் ஏஞ்செலஸ் போலீஸாரும், 1929-ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்தாரும், 1932-ஆம் ஆண்டில் எப்.பி.ஐ. என வழங்கும் மத்தியப் புலனாய்வுத் துறையினரும் தத்தமக்குரிய கூடங்களை அமைத்துக்கொண்டனர்.

அந்நாளிற் கூடத்தலைவர் என்பார் அக்கூடத்தின் தலைசிறந்த நிபுணரே. அவரே ஆராய்வார், அவரே நீதிமன்றத்திற் சாட்சி கூறுவார், அவர் சொல்லே முடிந்த முடிபு. இரண்டு அறைகளும் இரண்டு உதவியாளரும் உள்ள இடத்திற்கு அம்முறை போதுமானதாயிருந்தது. கூடங்கள் பெருகி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் நிலை வந்தபோது அம்முறை போதாதாயிற்று.

தலைவர்கள் ஒன்றுகூடியமை

1974-ஆம் ஆண்டு முதல் 1977-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் ஒரு சோதனை நிகழ்ந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட கூடங்களுக்கு இரத்தம், மயிர், வர்ணப்பூச்சு முதலிய மாதிரிப் பொருள்கள் ஒரே வகையாக அனுப்பப்பட்டன. விடை இன்னதென்பது அனுப்பியவர்க்கு முன்னரே தெரியும். வந்த விடைகளோ பலரையும் திடுக்கிடச் செய்தன. சில மாதிரிகளின் திறத்தில், விடையளித்த கூடங்களுட் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கத்தகாத விடையையே அளித்திருந்தன. அவ்விடைகளைப் போன்ற விடைகளாலன்றோ அதுகாறும் பலர் சிறை புகுந்தனர்!

ஏறத்தாழ இதே காலத்தில், 1973, 1974 ஆகிய ஆண்டுகளில், கூடத்தலைவர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்கக் குற்ற ஆய்வுக்கூடத் தலைவர் சங்கம் என்பது அதன் பெயர். கூடங்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளை வகுத்து, அவற்றிற்கு இசைந்தனவற்றிற்கு நற்சான்று வழங்கும் முறை இச்சங்கத்தின் முயற்சியால் எழுந்தது. 1982-ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்துக் கூடங்கள் அந்நற்சான்றை முதன்முதற் பெற்றன. இன்று உலகெங்கும் பல கூடங்கள் ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் பொது நியமத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன.

நிற்க. நற்சான்று பெற்றுச் சுவரில் மாட்டிவிட்டால் எல்லாம் நலமாகுமோ எனின், ஆகாது. அதனைப் பின்வரும் மூன்று நிகழ்ச்சிகள் நன்கு புலப்படுத்தும்.

மூன்று படிப்பினைகள்

முதலாவது, ஹூஸ்டன் நகரத்தில் நிகழ்ந்தது. அந்நகரப் போலீஸாரின் கூடத்தில் மரபணுப் பிரிவு 2002-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூடப்பெற்றது. அப்பிரிவைத் தணிக்கை செய்தோர், அதனை நடத்தத் தகுதியுள்ள நுட்பத்தலைவர் இல்லாமையையும், பணியாளர்க்குப் போதிய பயிற்சி இல்லாமையையும், மழைநீர் கூரையினின்று ஒழுகியமையையும் கண்டனர். 1999-ஆம் ஆண்டில் அக்கூடத்தின் அறிக்கையைத் துணைக்கொண்டு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்ற இளைஞன் ஒருவன், மறுசோதனையிற் குற்றமற்றவன் எனத் தெளிவுற்று, 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தான். ஒழுகிய கூரையை ஒருவரும் காணாதிருந்திரார். அதனைச் செப்பஞ்செய்யும் வரை சோதனையை நிறுத்துமின் என ஆணையிடும் தலைமையே ஆங்கு இல்லை.

இரண்டாவது, 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் மாட்ரிடு நகரத்துப் புகைவண்டிகளில் வெடிகுண்டு வெடித்ததையொட்டி நிகழ்ந்தது. வெடிப்பொருட் பையொன்றிற் கண்ட கைரேகை, அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்து வழக்கறிஞர் ஒருவருடையது என எப்.பி.ஐ. நிபுணர் முடிவு செய்தனர். ஒருவர் கண்டதை இன்னொருவரும், அவர் கண்டதை மற்றொருவருமாக மும்முறை உறுதிசெய்தனர். நீதிமன்றம் நியமித்த வேறொரு நிபுணரும் அதனை ஒப்பினார். ஸ்பெயின் நாட்டார் மறுத்துரைத்தும் அவர்கள் தம் முடிவை விட்டிலர். ஈற்றில் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பெயின் நாட்டார் கண்டறிந்தனர். இரண்டு வாரம் காவலில் இருந்த வழக்கறிஞர் விடுதலை பெற்றார், எப்.பி.ஐ.யும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மேலோர் ஒருவர் கண்ட முடிவை முன்னரே அறிந்துகொண்டு பின் நோக்குங் கண்ணுக்கு, அம்முடிவே தோற்றும் என்பது இதனாற் பெறப்படும். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றும் இதற்குத் துணைநிற்கின்றது. ஐந்து கைரேகை நிபுணர்க்கு, அவர்கள் தாமே முன்னொருகால் ஒன்றென முடிவு செய்திருந்த ரேகைகளைக் கொடுத்து, இவை மாட்ரிடு வழக்கிற் பிழைபட்ட ரேகைகள் என்று கூறியபோது, நால்வர் தம் பழைய முடிவினின்று மாறினர்.

மூன்றாவது, மாஸசூஸெட்ஸ் மாகாணத்திற் போதைப்பொருள்களை ஆராய்ந்த கூடமொன்றில் நிகழ்ந்தது. ஆங்கிருந்த இரசாயன நிபுணர் ஒருவர், உடன் பணிபுரிந்தோரினும் பன்மடங்கு மாதிரிகளை மாதந்தோறும் முடித்துக் கொடுத்து மேலோரின் பாராட்டைப் பெற்றார். உண்மையில் அவர் பலவற்றைச் சோதியாமலே கண்ணால் நோக்கி விடை எழுதியிருந்தார். பதிவேட்டிற் பிறர் கையெழுத்தை இட்டமை 2011-ஆம் ஆண்டில் மேலோர்க்குத் தெரிந்தும், அது பல மாதங்கள் வழக்குரைஞர்க்கு அறிவிக்கப்பெறவில்லை. 2012-ஆம் ஆண்டிற் கூடம் மூடப்பெற்றது. 2017-ஆம் ஆண்டில் 21,000-க்கு மேற்பட்ட வழக்குகளை அம்மாகாணத்து உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவ்வழக்குகளில் மெய்யாகவே குற்றம் புரிந்தார் எத்துணையர், புரியாதார் எத்துணையர் என்பதை இனி ஒருவரும் பிரித்தறிய வல்லரல்லர்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அறிவியற் கழகத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட பேரறிக்கை, கூடங்கள் போலீஸாரின் ஆட்சியினின்று விலகித் தனித்து நிற்றல் வேண்டும் என வற்புறுத்திற்று. அது தக்கதே. ஆயினும் மாஸசூஸெட்ஸ் கூடம் அப்பிழைகள் நிகழ்ந்த காலத்திற் போலீஸாரின் கீழ் இருந்ததன்று. சுகாதாரத் துறையின் கீழ் இருந்தது. ஆதலின், தனித்து நிற்றல் மட்டும் போதாது. உள்ளே விழித்திருக்கும் தலைமையும் வேண்டும் என்பது தேற்றம்.

மறைவான சோதனை

பிழைபட்ட ஹூஸ்டன் நகரமே பின்னர்ப் பிறர்க்கு வழிகாட்டியாயிற்று என்பது மகிழ்ச்சி தருவதாகும். 2014-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் தம் கூடத்தைப் போலீஸாரினின்று பிரித்து, தனிக் குழுவொன்றன் ஆட்சியில் வைத்தனர். அடுத்த ஆண்டிலிருந்து மறைவான சோதனை என்னும் முறையைக் கைக்கொண்டனர். அம்முறை வருமாறு:

வழக்கமான தேர்வில், இது தேர்வு என்பது நிபுணர்க்குத் தெரியும். அன்று அவர் இருமடங்கு கருத்தாக இருப்பார். மறைவான சோதனையிலோ அது தெரியாது. சான்றுப் பொருள்களைப் பெற்றுப் பதிவு செய்யும் பிரிவினர், போலீஸாரின் உதவியோடு, இல்லாத வழக்கொன்றைப் புனைந்து, மெய்வழக்கினைப் போலவே பொதியும் விண்ணப்பமும் அமைத்து, ஏனைய பொதிகளோடு கலந்துவிடுவர். அதன் சரியான விடையை அவர்களே அறிவர். நிபுணர் அதனை நாள்தோறும் செய்யும் பணியாகவே செய்து விடை எழுதுவார். அதனால் அவர் தேர்வுநாளில் எத்தகையர் என்பதன்றி, ஏனை நாள்களில் எத்தகையர் என்பது வெளிப்படும். பொதி பெற்ற நாள் முதல் அறிக்கை வெளிவரும் வரை கூடத்தின் முறை முழுவதும் அளந்தறியப்படும்.

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வேண்டுவது, தன் கூடத்தின் குறையைத் தானே தேடும் மனத்திண்மையும், கண்ட குறையை மறையாது வெளியிடும் நேர்மையுமே. இவை தலைவரிடத்தன்றி வேறெங்கும் பிறவா.

தலைவர் கற்கவேண்டுவன

இனித் தலைவர்க்குரிய பயிற்சியின் இயல்பை ஆராய்வாம். நல்ல நிபுணர் ஒருவர் பதினைந்து ஆண்டு நுண்ணோக்கியோடு பழகியபின் ஒருநாள் தலைவராக உயர்த்தப்படுகின்றார். மறுநாள் முதல் அவர்முன் இருப்பது நுண்ணோக்கியன்று. வரவு செலவுக் கணக்கும், விடுப்பு விண்ணப்பமும், நீதிமன்ற அழைப்பும், தேங்கிக் கிடக்கும் பொதிகளுமே. இவற்றை அவர்க்கு எந்தக் கல்லூரியும் கற்பித்ததில்லை. இக்குறையை நீக்கவே மேற்கூறிய சங்கத்தார் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகின்றனர். புதியராய்ப் பொறுப்பேற்போர்க்குத் தலைமைப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றனர். புதிய வகுப்புகள், புதிய விதிகள், வேலைவாய்ப்புகள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் செய்திமடலைக் கிழமைதோறும் விடுக்கின்றனர்.

கற்கவேண்டியவற்றுள் முதலாவது கணக்கு. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் திட்டமொன்றிற் பல கூடங்கள் தம் செலவையும், ஒவ்வொரு சோதனைக்கும் ஆகும் காலத்தையும் ஒரே வகையாகக் கணக்கிட்டு ஒப்புநோக்குகின்றன. இது வெறும் வணிகக் கணக்கன்று. 2009-ஆம் ஆண்டில் டெட்ராய்ட்டு நகரத்துப் போலீஸ் கிடங்கொன்றில், பாலியற் கொடுமைக்கு ஆளானோரிடம் எடுத்த சான்றுப் பொதிகள் 11,000-க்கு மேல் கிடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சோதிக்கப்படாதவை. ஒவ்வொரு பொதியும் ஒரு பெண்ணின் முறையீடு. எண்ணப்படாதது கவனிக்கப்படாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாவது, மனிதர் மனத்தின் இயல்பு. வழக்கிற்கு வேண்டாத செய்திகளை நிபுணர் காதிற் படாமற் காத்தலும், முதலாமவர் கண்ட முடிவை அறியாதவரைக்கொண்டே இரண்டாம் சோதனையை நடத்துவித்தலும் தலைவரின் கடன். விரைந்து முடிப்பவரைப் பாராட்டுமுன், அவ்விரைவின் காரணத்தை வினவவும் அவர் கற்றல் வேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் முறை. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், ஆய்வாளரின் எழுத்துச் சான்று மட்டும் போதாது. எதிரி கோரின் அவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தம் நிபுணர் கூண்டில் நின்று, தாம் அறிந்ததை அறிந்தேன் என்றும், அறியாததை அறியேன் என்றும் அஞ்சாது கூறுமாறு அவரைப் பழக்குதல் தலைவர்க்குரியது.

நம் நாட்டு நிலைமை

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் எனக் கருதி நாம் வாளா இருத்தற்கில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் குற்றம் நிகழ்ந்த இடத்திற்கே செல்லுதல் வேண்டும் என விதிக்கின்றது. இதனை நடைமுறைக்குக் கொணர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை தவணையும் அளிக்கின்றது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியற் பல்கலைக்கழகம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்துள்ளது. ஆகவே நிபுணர் பெருகுவர், கூடங்களும் பெருகும், பொதிகளோ அவற்றினும் விரைந்து பெருகும். அவற்றை ஆளும் தலைவர்க்குரிய பயிற்சியும் உடன் பெருகினாலன்றி, மேற்கூறிய மூன்று நிகழ்ச்சிகளும் வேறு பெயரில் நம்மிடையே நிகழ்தல் கூடும்.

இரசாயனமும் உயிர்நூலும் பயிலும் நம் மாணவ நண்பர்களுட் சிலர் நாளை இக்கூடங்களிற் பணிபுரியக்கூடும். அவருள்ளும் சிலர் தலைவராதல் கூடும். அவர்கள் இன்றே பழகத்தக்கது ஒன்றுண்டு. செய்முறைக் குறிப்பேட்டில், வரவேண்டிய விடையை நோக்கி எண்களைத் திருத்தி எழுதாமல், வந்த எண்ணை வந்தவாறே எழுதுக. மாஸசூஸெட்ஸ் கூடத்தில் 21,000 வழக்குகளைக் கெடுத்தது சோதியாது எழுதிய விடையே. அப்பழக்கம் கல்லூரிச் செய்முறை மேசையிலேயே தொடங்கவும் கூடும். ஆங்கேயே ஒழியவும் கூடும்.