ஆபீசர் ஆக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

நம்ம ஊரில் ஒரு பையன் மிலிட்டரிக்குப் போகிறேன் என்றால், அதிகாலையில் மைதானத்தில் ஓடும் ஆளெடுப்பு முகாம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஆபீசராகச் சேர வேறு வாசல்கள் இருக்கின்றன. சொல்ல ஆளில்லாமலே பல பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிடுகிறது.

1. முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரை என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு, யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. +2 படிக்கும்போதே எழுதலாம். தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி. ஆனால் தேர்வில் கணக்குக்கு மட்டும் 300 மதிப்பெண், காமர்ஸ் பிள்ளைகள் அதை மறந்துவிடக் கூடாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், குருட்டாம்போக்கில் அடிக்காதீர்கள்.

2. மகளைப் பெற்றவர்களே, "அது ஆம்பளைப் பசங்க வேலை" என்று இனியும் சொல்லாதீர்கள். நம்ம சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ. என்ற ஆபீசர் பயிற்சி அகாடமியில் 1992-லிருந்தே பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது. கடக்வாஸ்லா என்.டி.ஏ.யில் படித்து முடித்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் வெளியே வந்தது.

3. டிகிரி முடித்தவர்களுக்கும் கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கும் சி.டி.எஸ். தேர்வு. கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிறவர்கள் பரங்கிமலை ஓ.டி.ஏ.வைக் குறியுங்கள், அதற்கு ஆங்கிலமும் பொது அறிவும் போதும். 'அமரன்' படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களே, அந்த மேஜர் முகுந்த் வரதராஜன் பி.காம். படித்துவிட்டு இந்த ஓ.டி.ஏ. வழியாக வந்தவர்தான்.

4. எழுத்துத் தேர்வே இல்லாத வழிகளும் உண்டு. என்.சி.சி. 'சி' சர்டிபிகேட்டும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் நேரே எஸ்.எஸ்.பி. என்ற ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி என்.சி.சி. என்றால் பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக்கிழங்கு என்று நினைப்பவர்கள் கவனிக்க. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவ சட்டப் பிரிவான ஜாக் (இதற்கு மட்டும் கிளாட் பி.ஜி. தேர்வு மதிப்பெண் வேண்டும்), இன்ஜினீயர்களுக்குத் தனி வழி.

5. எந்த வழியில் வந்தாலும் எஸ்.எஸ்.பி.யைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஐந்து நாள். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டிவிட்டு, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அங்கே பத்துப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், மீன் மார்க்கெட் தோற்றுவிடும். நீங்களும் சேர்ந்து கத்தாதீர்கள். ஒரு இடைவெளி கிடைக்கும், அதில் உருப்படியாக இரண்டு வாக்கியம் பேசுங்கள். தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுத்து 60 வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் பட்டதை எழுதவேண்டும். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பதில் இங்கே மாட்டிக்கொள்ளும். உளவியலாளர், களப் பணிகளைப் பார்க்கும் ஆபீசர், நேர்காணல் எடுப்பவர் என மூன்று பேர் தனித்தனியாக எடைபோட்டுக் கடைசி நாளில் ஒப்பிடுகிறார்கள். தாளில் வீரனாகவும் கயிற்றின் முன்னால் வேறு ஆளாகவும் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கினால் பரவாயில்லை, வாயே திறக்காமல் இருப்பதுதான் தப்பு. முதல் தடவை தேறாவிட்டால் மறுபடி போங்கள், வயது இருக்கும்வரை தடையில்லை.

6. பைலட் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும்: கணினியில் நடக்கும் பைலட் திறன் தேர்வு ஆயுளில் ஒரே முறை. தவறினால் விமானம் ஓட்டும் கிளைக்கு வழி இல்லை.

7. காதில் அழுக்கு, கூடுதல் எடை என்று மெடிக்கலில் தள்ளிவைக்கப்படுபவர்கள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஈ.என்.டி. டாக்டரையும் பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். பச்சை குத்தும் ஆசையையும் ஒத்திப்போடுங்கள்.

8. ஓ.டி.ஏ. வழி குறுகிய கால சர்வீஸ்: 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. அதோடு வந்துவிட்டால் பென்ஷன் கிடையாது. நிரந்தர கமிஷன் கேட்கலாம், எல்லோருக்கும் கிடைக்கும் என்று இல்லை. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

9. ஏற்கெனவே சிப்பாயாகச் சேர்ந்துவிட்டவர்கள் மனம் தளரவேண்டாம். இரண்டு வருட சர்வீஸ் ஆனதும் ஆர்மி கேடட் காலேஜுக்கு முயற்சி செய்யலாம். டேராடூனில் மூன்று வருடப் படிப்பு, பிறகு ஐ.எம்.ஏ. என்ற இந்திய ராணுவ அகாடமியில் ஒரு வருடம், தோளில் நட்சத்திரம். யூனிட் கிளார்க்கிடம் அறிவிப்பு எப்போது வரும் என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.