ஊற்றுக் குகை புகட்டிய பாடம்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், அவிஞோன் நகருக்குக் கிழக்கே, வோக்ளூசு என்னும் பேரூற்று உளது. செங்குத்தான மலையடியில் ஒரு குகையினின்றும் பொங்கியெழுந்து, சோர்க் என்னும் ஆறாக அது பெருகுகின்றது. அதன் ஆழம் யாது என்று அறிய மக்கள் நெடுங்காலம் விழைந்தனர். 1878ஆம் ஆண்டில் ஒருவர் அதனுள் 23 மீட்டர் ஆழம் வரை இறங்கி மீண்டார்.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், ழாக் குஸ்தோவும் அவர்தம் தோழர் பிரெடெரிக் துமாவும் அவ்வூற்றினுள் மூழ்கினர். நீருக்குள் மூச்சு விடுதற்குரிய காற்றுக் கருவியை, எமீல் கன்யான் என்னும் பொறியியலாருடன் கூடி, 1943இல் ஆக்கியவர் குஸ்தோ. கடலில் பன்முறை மூழ்கிப் பழகியவர். எனினும், குகை கடல் அன்று. கடலில் இடர் நேரின் மேல்நோக்கி எழலாம். குகையிலோ தலைக்குமேல் பாறையே உண்டு. வந்த வழியே மீள்வதன்றி வேறு போக்கில்லை.

கரையில் ஃபார்க் என்பவர் வழிக்கயிற்றைப் பற்றி நின்றார். கயிற்றை மூன்று முறை இழுத்தால், ‘இன்னும் விடுக’ என்பது பொருள். ஆறு முறை இழுத்தால், ‘விரைந்து மேலே தூக்குக’ என்பது பொருள்.

சுமார் 46 மீட்டர் ஆழத்தில் இருவர்க்கும் அறிவு மயங்கிற்று. துமா செயலற்றுச் சோர்ந்தார். குஸ்தோ கயிற்றைப் பற்றி ஏற முயன்றார். மேலிருந்தவரோ அவர் கயிறு வேண்டுகின்றார் எனக் கருதி, மேன்மேலும் அதனைத் தளர விட்டார். ஏறுந்தோறும் கயிறு இறங்கிற்று! முடிவில், கயிற்றின் அசைவு கண்டு ஐயுற்ற ஃபார்க், துணிந்து அதனை இழுத்தார். இருவரும் உயிர் பிழைத்தனர்.

அன்றே அவர்க்குப்பின் மூழ்கிய வேறிருவரும் அவ்வாறே மயங்கினர். காரணம் யாது? உருளைகளில் இருந்த காற்றை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. காற்றை அடைத்த எந்திரம், தான் கக்கிய புகையையே உள்ளிழுத்திருந்தது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி உண்டு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. அத்துணை ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கிற்கும் மிகுதி. ஆதலின், சிறிதளவு நஞ்சும் பெருந்தீங்காயிற்று.

பிற்காலத்தில் குகை மூழ்குநர் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து விதிகளை வகுத்தனர். செக் எக்சுலி என்னும் அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட சிறுநூல் அவற்றுள் சிறந்தவற்றைத் தொகுத்துரைத்தது. குகைவாயில் முதல் அறாத வழிக்கயிறு வேண்டும். உள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கை உட்செல்லவே பயன்படுத்தல் வேண்டும். மற்றொரு பங்கு மீள்வதற்கும், எஞ்சிய பங்கு இடருக்கும் உரியன. விளக்கு ஒன்று அணையினும் உதவுமாறு, ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் கொண்டு செல்லுதல் வேண்டும். தக்க பயிற்சியின்றி எவரும் குகையினுள் இறங்கலாகாது.

1985இல் மனிதரை அனுப்பாது ஓர் எந்திரத்தை இறக்கியே, 308 மீட்டர் ஆழத்தில் அவ்வூற்றின் அடித்தரையைக் கண்டனர். குஸ்தோவுக்கும் துமாவுக்கும் துணிவு குறைவன்று. அவர்களை வீழ்த்த முற்பட்டது கரையில் நேர்ந்த கவனக்குறைவே. இறங்குமுன் ஆராய்தலும், ஐயம் எழின் அக்கணமே மீட்டலும் உயிர்காக்கும் நெறிகளாம்.