கை இங்கே, கருவி அங்கே

என் சாச்சா இங்கிலாந்தில் வசிக்கும் ஓர் அமெச்சூர் வானொலியாளர். பரீட்சையில் சித்தியடைந்து, அரசின் அனுமதிப்பத்திரமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்று, இலாப நோக்கமின்றி வானலைகளில் உரையாடுவோரே அமெச்சூர் வானொலியாளர்கள். இலங்கையிலும் இத்தகையோர் உள்ளனர். எமது நாட்டு அழைப்புக்குறிகள் '4எஸ்' எனத் தொடங்கும்.

சாச்சா இருப்பதோ மாடிக் குடியிருப்பு. 14 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறத்தாழ 20 மீற்றர். அதற்குரிய எளிய கம்பி அன்டெனாவுக்கே அதில் பாதி, அதாவது சுமார் 10 மீற்றர் நீளம் வேண்டும். மாடி ஜன்னலில் அதை எப்படிக் கட்டுவது? எனவே அவர் சேர்ந்துள்ள கழகம் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் பொது நிலையம் ஒன்றை அமைத்துள்ளது. உறுப்பினர்கள் தத்தம் வீடுகளிலிருந்தே இணையத்தின் மூலம் அதை இயக்குகின்றனர்.

இது எவ்வாறு நடைபெறுகிறது? சாச்சா வீட்டுக் கணினியின் முன் பேசுகிறார். குரல் இணையத்தில் பயணித்து, குன்றிலுள்ள கணினியை அடைந்து, அங்குள்ள வானொலிக் கருவிக்குள் செல்கிறது. மீடிறனை மாற்றுவது, அன்டெனாவைத் திருப்புவது எல்லாம் அதே வழியில் செல்லும் கட்டளைகளே. அதன் பின்னர்தான் உண்மையான வானொலி தொடங்குகிறது. அன்டெனாவிலிருந்து எழும் அலை அயனமண்டலத்தில் திரும்பி, கடல் கடந்து இறங்குகிறது. இணையம் இருப்பது சாச்சாவுக்கும் குன்றுக்கும் இடையில் மாத்திரமே.

கடந்த விடுமுறையில் அவர் இதையெல்லாம் வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பேசும் பொத்தானை அழுத்தி ஒருவரை அழைத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் வீட்டு இணையம் அறுந்தது. என் திரையும் உறைந்தது. சிறிது நேரத்தின் பின் கைத்தொலைபேசியில் அழைத்தவரிடம் நான் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"சாச்சா, பொத்தான அமத்தினபடியே போயிட்டீங்களே! அங்க அது இன்னும் அனுப்பிக்கொண்டா இருக்கும்?"

"நல்ல கேள்வி மகள். அதுக்குத்தான் அங்க ஒரு காவல் வெச்சிருக்கம்" என்றார்.

குன்றிலுள்ள கணினி, இயக்குபவரின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை இடைவிடாது கவனிக்கிறது. இணைப்பு அறுந்தால் அனுப்புவதை உடனே நிறுத்திவிடும். அது தவறினாலும், குறித்த நேரத்துக்கு மேல் தொடர்ந்து அனுப்ப விடாத ஒரு நேரக் கட்டுப்பாடு உண்டு. இரண்டும் தவறினால், வேறொரு வழியாக மின்சாரத்தையே துண்டிக்கலாம். இவை இல்லையேல் ஆளில்லாத கருவி ஒரு மீடிறனை அடைத்துக்கொண்டு மற்றவர்களின் உரையாடலைக் கெடுக்கும். சூடேறிப் பழுதடையவும் கூடும்.

பொதுவில் இயக்குவதற்கும் ஒழுங்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒருவரே இயக்கலாம். முன்பதிவு செய்து, முறை வந்ததும் உள்நுழைந்து, முடிந்ததும் வெளியேற வேண்டும். யார், எப்போது, எந்த மீடிறனில் பேசினார் என்பது பதிவாகும். கருவி எத்தனை மைல் தொலைவில் இருந்தாலும், பொத்தானை அழுத்தியவரே அதற்குப் பொறுப்பு.

"நானும் ஒருக்கா பேசட்டா?" என்று கேட்டேன். சாச்சா மறுத்துவிட்டார். எனக்கு மனம் சுருங்கியது. "முதல்ல கேளுங்க மகள், பேசுறது பிறகு" என்று சொல்லி ஒரு வழி காட்டினார். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையவழி வானொலி வாங்கி ஒன்று உள்ளது. அது கேட்பதற்கு மாத்திரமானது. அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஒரே நேரத்தில் பலர் நுழைந்து, அவரவர் விரும்பிய மீடிறனைக் கேட்கலாம். அன்றிரவு இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒருவர் தம் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பதில் வரும்வரை அவர் காட்டிய பொறுமையை நானும் கூடவே இருந்து கேட்டேன். கேட்பதைப் பலர் ஒரே வேளையில் பகிரலாம், பேசுவதையோ முறைவைத்துத்தான் பகிரலாம் என்பது அப்போதுதான் விளங்கியது. சாச்சா மறுத்ததன் நியாயமும் புரிந்தது.

இம்முறைக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. இணையம் விழுந்தால் குன்றிலுள்ள நிலையம் ஊமையாகிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் தொலைபேசித் தொடர்பு அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து அமெச்சூர் வானொலியாளர்கள் செய்தி அனுப்பினார்கள். கருவியோடு அவர்கள் அங்கேயே இருந்ததால்தான் அது இயன்றது. ஆகவேதான் சாச்சாவின் கழகத்தினர் பற்றரியை நிரப்பி வைத்து, இடைக்கிடை குன்றுக்கே சென்று கையால் இயக்கியும் பழகுகின்றனர்.

தோழியரே, இணையம் எம் கையை நீட்டித் தரும் ஒரு கோல். கோல் முறிந்தாலும் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் இப்போது அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குப் படித்து வருகிறேன். அதுவரை கேட்கிறேன்.