அடுக்களைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு: கைவாடை பற்றி

மீன் வெட்டும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்தில் அநேகமாக ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கடையில் இருக்கிறதிலேயே வாசனை தூக்கலான சோப்பை வாங்கி, கை சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறார்கள். அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தால் சாளையும் மல்லிகையும் சேர்ந்து மணக்கிறது. மறுநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் ஓட்டல் அடுக்களையில், மீனும் உள்ளியும் பூண்டுமாகக் காலம் தள்ளியவள் நான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இதில் வருகிற பொருள் முக்கால்வாசி அடுப்படியிலேயே கிடப்பதுதான். வாசனைக்கென்று எதையும் சேர்க்கப் போவதில்லை.

1. வாடையை வாசனையால் மூட நினைக்காதீர்கள். பூ வாசனை சீக்கிரம் பறந்துவிடும், மீன் வாடை இருந்த இடத்திலேயே இருக்கும். போதாததற்குக் கட்டி சோப்பு காரத்தன்மை உள்ளது. மீன் வாடைக்குக் காரணமான பொருளும் அப்படித்தான். காரத்தோடு காரம் சேர்ந்தால் வாடை அடங்காது, இன்னும் தாராளமாகக் காற்றில் கிளம்பும். நுரை பொங்குகிற நேரத்தில் வாடை ஒரு தூக்குத் தூக்குவதைக் கவனித்திருப்பீர்கள். சோப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் முறை கடைசியில் வரும்.

2. மீன் கையில் முதலில் விட வேண்டியது பச்சைத் தண்ணீர். வெந்நீரை ஊற்றினால் வாடை ஆவியோடு மேலே வரும், மீனின் வழுவழுப்பும் இரத்தமும் நகக்கண்ணில் இறுகிக்கொள்ளும். குழாயைத் திறந்து விட்டு, விரல்களைப் பிரித்து வைத்து, செதிளும் வழுவழுப்பும் போகிற வரைக்கும் நன்றாக அலசுங்கள். வேலைக்கு நடுவில் கை காயவிடாமல் அவ்வப்போது அலசிக்கொண்டால் கடைசியில் பாதிப் பாடு மிச்சம். மீன் தண்ணீர் கையிலேயே காய்ந்து, பிறகு கழுவுகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

3. இனி புளி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாமல் செய்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கடல் மீனின் உடம்பில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்க, உடம்பில் இருக்கிற தண்ணீர் வெளியே போய்விடாமல் காத்துக்கொள்ள மீனுக்கு அது வேண்டும். அதற்கு மணம் கிடையாது. படகிலிருந்து இறக்கின அயிலையைக் கையில் எடுத்தால் கடல் தண்ணீர் மணம்தான் இருக்கும். மீன் செத்து நேரம் போகப் போக, கிருமிகள் அந்தப் பொருளை உடைத்து டிரைமெத்திலமைன் ஆக்குகின்றன. நமக்கு வருகிற மீன் வாடை அதுதான். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்திருப்பீர்களே, இது அமோனியாவுக்குச் சொந்தக்காரன், காரத்தின் பக்கம். இதன் மேல் அமிலம் பட்டால் இரண்டும் சேர்ந்து உப்பாக மாறிவிடும். உப்பு மூக்குக்குப் பறந்து வராது, தண்ணீரில் கரைந்து போய்விடும். நம் ஊரில் மீன் குழம்புக்குப் புளி, மாங்காய், குடம்புளி என்று ஏதாவது ஒரு புளிப்பு இல்லாமல் சட்டியை அடுப்பில் ஏற்றுவதில்லை. ருசிக்காக என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வாடையும் அதில்தான் அடங்குகிறது.

கைக்கென்று புதுப் புளியை வீணாக்க வேண்டாம். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அலசின கையில் அதை வைத்து, முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு, பிறகு ஒவ்வொரு நகத்தின் ஓரம் என்று தேயுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சவ்வு மாதிரியான இடத்தை மறந்துவிடுவார்கள். மீன் தலையைப் பிடிக்கிற இடம் அது, வாடை அங்கேதான் குடியிருக்கும். மணிக்கட்டுக்கு மேலேயும் நாலு விரல் உயரம் தேயுங்கள். அப்படியே விட்டுவிட்டு, அரிவாள்மணையையும் பலகையையும் கழுவி முடித்த பிறகு கையை அலசினால் போதும். புளித்த மோரும் இதே வேலையைச் செய்யும். வினிகர் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விடுங்கள். அதன் நெடி கை காய்ந்ததும் போய்விடும்.

சுறா, திருக்கை வெட்டினால் வாடை இன்னும் கடுமையாக, கழிப்பறைப் பக்கம் போனது போல இருக்கும். அந்த மீன்களின் சதையில் யூரியாவும் உண்டு, அது அமோனியாவாக மாறுகிறது. அதற்கும் புளிதான், இரண்டு தரம் போட வேண்டியிருக்கும். குளத்து மீனில் வருகிற சேற்று வாடை வேறு வகை. அதைக் கொடுப்பது ஜியோஸ்மின் என்கிற பொருள். முதல் மழை விழும்போது மண்ணிலிருந்து எழுகிற மணமும் அதே ஜியோஸ்மின்தான். மழையில் கிளம்பினால் மூச்சை இழுத்து அனுபவிக்கிறோம், கெண்டையில் வந்தால் மூக்கைப் பொத்துகிறோம். அமிலத்துக்கு அதுவும் கட்டுப்படும்.

4. எலுமிச்சையை நான் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். புளிப்பு இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் தோலில் இருக்கிற எண்ணெய்க்குத் தனி வாசனை உண்டு. அதைவிட முக்கியம், எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் வெந்தது போலச் சிவந்து, பிறகு கறுத்து, அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பழத்தில் இருக்கிற ஒரு பொருளும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிழிந்தால் நன்றாகக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

5. நெய்மீனை விட்டுத் தள்ளுங்கள். சாளை, அயிலை, கருவாடு இவற்றில் எண்ணெய்ப் பிடிப்பு அதிகம். வாடை அந்த எண்ணெயில் ஊறிக் கையோடு ஒட்டிக்கிடக்கும். புளித் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இதற்கு மாவு முதலில், புளி அடுத்து. கடலை மாவோ பயத்தம் மாவோ ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் தொடாமல் உலர்ந்தபடியே தேயுங்கள். எண்ணெயை உறிஞ்சி மாவு சிறு சிறு திரியாக உருண்டு விழும். திரி விழுவது நின்று மாவு மாவாகவே உதிரத் தொடங்கினால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். வண்டு விழுந்த பழைய மாவே போதும், சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. கடைசியில் போடுகிற சோப்புக்குப் பதில் சீயக்காயும் ஆகும். நுரையும் வரும், சோப்பு அளவுக்குக் காரமும் இல்லை. ஆனால் கடையில் கட்டிய பொட்டலத்தில் வெட்டிவேர், பூலாங்கிழங்கு என்று ஏதேதோ மணத்துக்குச் சேர்த்திருப்பார்கள். வெறும் சீயக்காயை வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்துத் திரித்து வாங்குங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

7. பூண்டுக்கும் உள்ளிக்கும் புளியை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்காதீர்கள். அது வேறு சங்கதி, கந்தகம். முழுப் பூண்டுப் பல்லுக்கு மணம் பெரிதாக இல்லை. நசுக்கினதும், அதுவரைக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அதிலிருந்து பிறக்கிற கந்தகப் பொருள்கள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் லேசில் கரையாது. ஆகவே சமையல் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, மேலே மாவைப் போட்டு உருட்டி எடுத்து, பிறகு தண்ணீர். நகக்கண்ணுக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்புத்தூள்.

அதைவிட நல்லது, உரிக்க உட்காருவதற்கு முன்னாலேயே கையில் எண்ணெய் தடவிக்கொள்வது. பலாச்சக்கை வெட்டும்போது பால் ஒட்டாமல் இருக்க நம் வீடுகளில் செய்கிறோமே, அதே வழக்கம்தான். மீனுக்கும் இது உதவும், ஆனால் கத்திப்பிடி வழுக்கும் என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

எவர்சில்வரில் சோப்பு வடிவத்தில் ஒரு கட்டி விற்கிறார்கள், கையில் வைத்து உருட்டினால் பூண்டு வாடை போகும் என்று. சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பார்க்க ஆசையாக இருந்தால் கரண்டிக் காம்பைத் தண்ணீரில் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள், காசு மிச்சம்.

இன்னொன்று, நிறையப் பூண்டு தின்றவர்களுக்கு மறுநாள் வரைக்கும் மூச்சிலும் வேர்வையிலும் மணம் இருக்கும். அது இரத்தத்தில் கலந்து உள்ளிருந்து வருவது. மேலே எதைத் தேய்த்தாலும் போகாது, தானாகத்தான் போகும்.

8. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வாட்ச் பட்டை, மணிக்கட்டில் கட்டின கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். கையை எத்தனை கழுவினாலும் வாடை போகவில்லை என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது அந்தக் கயிற்றைத்தான். கோயிலில் கட்டியது, அவிழ்க்கக் கூடாது என்றால், அதையும் புளித் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

9. சாம்பலும் சோடா உப்பும் பாத்திரத்துக்கு. விலாங்கு வழுக்காமல் பிடிக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வது சரி. ஆனால் வாடை போக அதையே கையில் தேய்த்தால் பயன் இல்லை. இரண்டும் காரம், முதலில் சொன்ன சோப்புக் கதைதான். நல்ல தோல் லேசான அமிலத்தன்மையோடு இருப்பது, தினமும் சோடா உப்புப் போட்டால் வறண்டு அரிக்கும். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் இருந்த காலுக்கு மட்டும் அது ஆகும். கால் நாற்றத்தில் புளிப்பு உண்டு, அதனால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொஞ்ச நேரம் காலை வைத்து எடுக்கலாம். புண் இருந்தால் அதுவும் வேண்டாம்.

10. அக்குள் வாடைக்குப் படிகாரம். வேர்வைக்குத் தன்னளவில் மணம் இல்லை என்றே சொல்லலாம், தோலில் இருக்கிற கிருமிகள் அதைத் தின்று செய்கிற வேலைதான் நாற்றம். சலூனில் சவரம் முடிந்ததும் தடவுகிற அந்தக் கட்டியே போதும். குளித்த பிறகு நனைத்து இரண்டு இழுப்பு இழுத்துக் காயவிடுங்கள். வெட்டுக்காயத்தில் எரியும். நைலான், பாலியெஸ்டர் சட்டையை வேலைக்குப் போடாதீர்கள், துவைத்த பிறகும் வாடையை விடாது.

11. இதை இங்கே சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லித்தான் ஆக வேண்டும். 2021 டிசம்பரில் நம் மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக அரசுப் பேருந்தில் ஏறின வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று சத்தமாக நியாயம் கேட்டார். காணொளி நாடெல்லாம் பரவி, ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூன்று பேரும் பணியிடை நீக்கம் ஆனார்கள். மக்களே, நீங்கள் சோறு தின்னவும் பிள்ளையைத் தூக்கவும் கை கழுவுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார் என்பதற்காகத் தோலை உரித்துக்கொள்ளாதீர்கள். அந்த வேகத்தில் செங்கல் துண்டும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீறின தோலில் வாடை இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். நார் வேண்டுமென்றால் பீர்க்கங்கூடு, அதையும் ஊறவைத்து மெதுவாக.

12. உங்கள் மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்குப் பழகிவிடும், கை சுத்தம் என்று தோன்றும். வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் கையை நீட்டுங்கள்.

13. மீனே தொடாத நாளிலும், குளித்த பிறகும், உடம்பு முழுக்க மீன் வாடை வருகிறது என்றால் புளியை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டிரைமெத்திலமைனை மணமில்லாத பொருளாக மாற்றுகிற நொதி கல்லீரலில் சரியாக வேலை செய்யாமல், அது வேர்வையிலும் மூச்சிலும் வெளிவருகிற நிலை சிலருக்கு உண்டு. அபூர்வம்தான், பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. அதை அழுக்கு என்று சொல்லி அந்தப் பிள்ளையைக் குளியலறைக்கு விரட்டுவது அநியாயம்.

14. ராத்திரி படுக்கும் முன் கை காய்ந்திருக்கும்போது தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவுங்கள். தண்ணீரிலும் புளியிலும் நனைந்த தோல் வெடிக்காமல் இருக்கும். வெடித்த கைக்கு மேலே சொன்ன எதுவும் எரிச்சல்தான் தரும். ஆறுகிற வரைக்கும் கையுறை போட்டு வெட்டுங்கள்.

15. மீன் முள் குத்தின இடத்தில் புளியும் உப்பும் தேய்க்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் கழுவி, முள் முனை உள்ளே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கெளுத்தி முள், திருக்கை வால்முள் என்றால் விஷம் உண்டு. வெந்நீர் வேண்டாம் என்று முன்னால் சொன்னேன், இங்கே மட்டும் அது மருந்து. கை பொறுக்கிற சூட்டில் முக்கி வைத்தால் அந்த வலி தணியும், வெந்து போகிற சூடு வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், சின்னக் குத்துதானே என்று வீங்குகிற வரைக்கும் இருக்காதீர்கள். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். தேதியை இப்போதே செல்போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.