அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு

வெளியூர் போனால் எல்லாரும் கோபுரத்தையும் கடலையும் பார்ப்பார்கள். நம்மைப் போன்ற சிலருக்கு மட்டும் கண் கூரைக்குப் போகும். அங்கே என்ன டிடெக்டர், சுவரில் என்ன ஹூட்டர் என்று தேடும். இந்தப் பித்து புதிதாகப் பிடித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஃபயர் அலாரம் வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்வது:

1. தொடாதே. சுவரில் இருக்கும் அலாரம் பெட்டியின் கண்ணாடியை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றும். தீயணைப்பு வண்டி வரும், பின்னாலேயே போலீஸும் வரும்.

2. ஓட்டல் அறைக்குள் நுழையுமுன் கதவு நிலைக்கு மேலே பார். நம் ஊர்ப் பெரிய ஓட்டல்களில் அங்கே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். தொழிலில் ஆர்.ஐ. என்போம். பூட்டிய அறைக்குள் டிடெக்டர் புகையைக் கண்டதும் வெளியே இது எரியும்; ஓடி வருகிறவர் எந்தக் கதவை உடைப்பது என்று திகைக்க வேண்டியதில்லை. ஃபால்ஸ் சீலிங்கில் பக்கத்தில் எதுவும் இல்லாமல் இந்த விளக்கு மட்டும் தனியாக இருக்கிறதா? அநேகமாக அதற்கு மேலே, கேபிள்களுக்கு நடுவில், இன்னொரு டிடெக்டர் ஒளிந்திருக்கும். அதை ஊகித்துவிட்டால் அன்றைய பயணச்செலவு எனக்குக் கட்டுப்படியாகிவிடும்.

3. கம்பெனிப் பெயரைத் தேடுமுன் இடத்தைப் பார். சமையலறையில் வெப்பத்தை உணரும் வகைதான் இருக்கும். தாளிப்புக்கெல்லாம் அலறினால் யார் தாங்குவது? விமான நிலையம் போன்ற உயரமான கூடங்களில் புகை மேலே போய்ச் சேருமுன்பே ஆறிப் பரவிவிடும். அதனால் சுவருக்குச் சுவர் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஓடும். ஒரு சுவரில் பெட்டி, எதிர்ச்சுவரில் பிரதிபலிப்பான் என்று ஜோடியாகத் தேடு. பழைய அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் வேலை இன்னும் கஷ்டம்: அலங்காரக் கூரையில் ஒரு நுண்துளை, அதன் வழியே காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் குழாய். பாதிப் பேர் அதைப் பார்க்காமலேயே திரும்பிவிடுவார்கள்.

4. ஒரு நாட்டில் கற்ற நிறம் அடுத்த நாட்டில் செல்லாது. பிரிட்டனில் சிவப்புப் பெட்டி தீக்கு. அதே வடிவில் கதவோரம் இருக்கும் பச்சைப் பெட்டி பூட்டைத் திறக்க. ஜெர்மனியில் சிவப்பு தீயணைப்புத் துறைக்கே தகவல் அனுப்பும். நீலப் பெட்டி கட்டடத்துக்குள் இருப்பவர்களை மட்டும் எழுப்பும், வண்டியை யாராவது போனில்தான் அழைக்க வேண்டும். மஞ்சளைக் கண்டால் அங்கே வாயுவை விட்டுத் தீயை அணைக்கும் ஏற்பாடு இருக்கலாம்.

5. ஜப்பானில் நடைபாதைகளில் வட்டமான சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரியும். பதற வேண்டாம், பொத்தான் இருக்கும் இடத்தைக் காட்டத்தான் அது. கீழேயே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் பொத்தான், அருகில் மணி. பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்ப் பெட்டியோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். அங்கே பார்க்கும் ஹோச்சிக்கி 1918-இல் தொடங்கிய நிறுவனம். அந்தப் பெயரை லண்டன் கூரைகளிலும் படிப்பாய்.

6. அமெரிக்காவில் காதுக்கும் வேலை உண்டு. மூன்று கூவல், சிறு இடைவெளி, மறுபடி மூன்று: கட்டடத்தை விட்டு வெளியேறு என்று பொருள். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு பொதுக் கட்டடங்களில் மின்னும் விளக்குகள் பெருகின, காது கேளாதவருக்காக. ஒரே இடத்தில் பல விளக்குகள் இருந்தால் எல்லாம் ஒரே கணத்தில் மின்ன வேண்டும். முன்னும் பின்னுமாக மின்னினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

7. பாஸ்டன் போனால் கட்டடத்தை விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போ. தந்தி வழியே தீயை அறிவிக்கும் நகர ஏற்பாடு உலகில் முதலில் ஓடத் தொடங்கியது அங்கேதான், 1852-இல். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் அமைத்தது. பின்னால் வந்த பெட்டிகளில் கைப்பிடியை இழுத்தால் முறுக்கி வைத்த ஸ்பிரிங் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். பற்கள் அமைந்த வரிசை அந்தப் பெட்டியின் எண்ணைத் தந்தியில் அடிக்கும். எண்ணைக் கேட்டு எந்த முனை என்று நிலையம் தெரிந்துகொள்ளும். செல்போன் வந்தும் அந்த நகரம் சிவப்புப் பெட்டிகளைக் கைவிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்.

8. டிடெக்டரில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் ரிசப்ஷனில் சொல். பெயின்ட் அடிக்கும்போது தூசி போகாமலிருக்கப் போட்டு, கழற்ற மறந்திருப்பார்கள். அதுவரை அது குருடு. அறையில் சிகரெட் பிடிக்க, குளியல் தொப்பியை மாட்டிவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு.

9. படம் எடுக்குமுன் கேள். அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலை எடுக்கவே எடுக்காதே. கூரையையே படம்பிடிக்கிற ஆளைக் காவலர் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

10. முதல் ராத்திரியே உன் அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணி வை. புகையில் தடவிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அலாரம் அடித்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதே, லிஃப்ட் பக்கம் போகாதே. ஹூட்டர் எந்தக் கம்பெனி என்பதைக் கீழே இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.